மின்சாரக் காரில் முன் கண்ணாடி மங்கினால்: ஒன்டாரியோ குளிருக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒன்டாரியோவுக்கு வந்து, லைசென்ஸ் மாற்றி, மின்சாரக் காரும் வாங்கிவிட்டீர்கள். அக்டோபர் வரை எல்லாம் சுகமாகப் போகும். நவம்பரில் ஒரு மழைநாள், 401 நெடுஞ்சாலையில் ஏறும் நேரம் பார்த்து முன் கண்ணாடி முழுக்க ஆவி படியும். பெரிய திரையில் எதைத் தொடுவது என்று கை தேடும். சாலையோ தெரியாது.

முதல் குளிர்காலம் முழுக்க இதோடு மல்லுக்கட்டியவன் என்பதால் எழுதுகிறேன். பெட்ரோல் கார் வைத்திருக்கும் நண்பர்கள் சொல்லும் யோசனைகள் இதில் பாதிதான் உதவும். அவர்கள் காரில் எஞ்சின் வீணாக்கும் சூடே ஹீட்டருக்கு வருகிறது, அது இலவசம். மின்சார மோட்டாரில் வீணாகும் சூடு மிகக் குறைவு. உள்ளே வரும் வெப்பம் எல்லாம் பேட்டரியிலிருந்து எடுத்தாக வேண்டும். அதனால் நாம் என்ன செய்கிறோம்? ரேஞ்சு, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறைகிறதே என்று ஹீட்டரைக் குறைக்கிறோம், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எக்கோ மோடு போடுகிறோம், வெளிக்காற்றை அடைக்கிறோம். இந்த மூன்றும் சேர்ந்தால் கண்ணாடி மங்காமல் என்ன செய்யும்? மின்சாரக் காரில் ஆவிப் பிரச்சினையின் பெரும்பகுதி இந்தக் கஞ்சத்தனத்தால் வருவது. கண்ணாடியைத் தெளிய வைக்க ஆகும் மின்சாரம் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. கணக்கு கீழே வருகிறது.

1. எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று பாருங்கள்

விரலால் உள்பக்கம் ஒரு கோடு போடுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் ஆவி உள்ளே. விரலில் ஈரம் ஒட்டாமல் சொரசொரவென்று இருந்தால் உள்பக்கமே உறைந்திருக்கிறது. முந்தின இரவு காருக்குள் விட்டுப்போன ஈரம் கண்ணாடியில் உறைபனியாக நிற்கிறது என்று அர்த்தம். விரல் போட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால் படிந்தது வெளியே. அதற்கு வைப்பரும், பனியைச் சுரண்டும் ஸ்கிரேப்பரும்தான் வேண்டும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சென்னையில் மழைக்காலத்தில் ஏசி போட்டு ஓட்டும்போது கண்ணாடி வெளிப்பக்கம் மங்கும். உள்ளே குளிர்ந்த கண்ணாடி, வெளியே புழுக்கம். அங்கே வைப்பரை ஒரு தட்டு தட்டினால் போதும், ஏசியைக் கொஞ்சம் குறைத்தால் போதும். இங்கே நிலைமை தலைகீழ். கண்ணாடி வெளியிலிருந்து குளிர்கிறது, ஈரம் உங்கள் மூச்சிலும் ஜாக்கெட்டிலும் காலணியிலும் இருந்து வருகிறது. அந்த ஊர்ப் பழக்கத்தில் இன்னொன்றும் கூடவே வந்திருக்கும்: தூசிக்கும் வெயிலுக்கும் பயந்து உள்காற்றே சுழலும்படி ரீசர்குலேஷனை எப்போதும் போட்டு வைப்பது. குளிர்காலத்தில் அதை மறந்துவிடுங்கள்.

2. பொத்தான்கள் எங்கே என்று வீட்டு வாசலிலேயே படித்துவிடுங்கள்

ஓடும் காரில் தேடும் வேலை இது இல்லை. காரை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு மாலையில் இந்த நாலையும் கண்டுபிடியுங்கள்.

முன் டிஃப்ராஸ்ட் (முன் கண்ணாடியைத் தெளிய வைக்கும் பொத்தான்): விசிறி மாதிரி வளைந்த கண்ணாடிப் படமும் மேலே நெளியும் மூன்று அம்புகளும். பின் கண்ணாடிக்கு உள்ளது செவ்வகப் படம். அவசரத்தில் இரண்டையும் மாற்றி அழுத்துவது சகஜம். பின் கண்ணாடிக்குக் காற்று வராது, கண்ணாடியில் ஓடும் மெல்லிய கம்பிகள்தான் சூடாகும். பல கார்களில் பக்கக் கண்ணாடிகளின் சூடும் இதே பொத்தானில் சேர்ந்திருக்கும்.

ரீசர்குலேஷன்: கார் படத்துக்குள் வட்டமாகத் திரும்பும் அம்பு. எரிந்தால் உள்காற்று. அணைந்தால், அல்லது வெளியிலிருந்து உள்ளே வரும் அம்பு எரிந்தால், வெளிக்காற்று. உங்களுக்கு வேண்டியது வெளிக்காற்று.

ஏசி: பனிக்காலத்தில் ஏசி எதற்கு என்று தோன்றும். குளிர வைக்க இல்லை, காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்க. முதலில் குளிர்ந்த சுருளில் பட்டுக் காற்று ஈரத்தை இழக்கிறது, அப்புறம் ஹீட்டரில் சூடாகிக் கண்ணாடிக்கு வருகிறது.

எக்கோ மோடு: காருக்குக் கார் பெயர் வேறு. வெப்பத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்பதற்கு இது வரம்பு போடும், சில கார்களில் வெளிக்காற்றையும் குறைக்கும். கொரிய கார்களில் 'டிரைவர் ஒன்லி' என்று ஒன்று இருக்கும், ஓட்டுநர் பக்கம் மட்டும் காற்று வரும். தனியாக ஓட்டுவோருக்கு நல்ல வசதிதான். ஆனால் பக்கத்து சீட்டுப் பக்கம் கண்ணாடி மங்கினால் முதலில் அணைக்க வேண்டியது இதைத்தான்.

டெஸ்லாவில் முன் டிஃப்ராஸ்ட் படத்தை ஒருமுறை தொட்டால் நீலம், அது ஆவிக்கு. இன்னொருமுறை தொட்டால் சிவப்பு, அது உறைபனிக்கு: சூடும் விசிறியும் உச்சத்தில் ஓடும். மூன்றாம் முறை தொட்டால் அணையும். பதற்றத்தில் மூன்று முறை தட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புகிறவர்கள் நிறைய. ஹூண்டாய், கியாவில் முன் டிஃப்ராஸ்ட்டை அழுத்தினால் வெளிக்காற்றும் ஏசியும் பொதுவாகத் தாமாகவே சேர்ந்து வரும். உங்கள் காரில் எப்படி என்று உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். பிடிஎஃப் ஆக இறக்கி 'டிஃப்ராஸ்ட்' என்று தேடினால் சில பக்கங்களில் முடிந்துவிடும். திரையின் கீழ்வரிசையில் அந்தப் படத்தை நிரந்தரமாக வைக்க வழி இருந்தால் வைத்துவிடுங்கள். குரல் கட்டளை உள்ள காரில் அதையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நம் உச்சரிப்பு அதற்குப் புரிகிறதா என்று வீட்டு வாசலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

3. ஓடும்போது மங்கினால் செய்யவேண்டிய வரிசை

முன் டிஃப்ராஸ்ட்டை அழுத்துங்கள். ரீசர்குலேஷன் அணைந்ததா பாருங்கள். ஏசி எரிகிறதா பாருங்கள். வெப்பநிலையை 22, 23-க்கு ஏற்றி விசிறியையும் கூட்டுங்கள். இன்னும் போகவில்லை என்றால் இரண்டு பக்க ஜன்னலையும் விரல் அளவு இறக்குங்கள். குளிரும், ஆனால் உள்ளே தேங்கிய ஈரக்காற்று மளமளவென்று வெளியேறும். லேசான ஆவி ஓரிரு நிமிடத்தில் விலகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் மின்சாரக் கார் பெட்ரோல் காரை ஜெயிக்கும். எஞ்சின் சூடாகும் வரை காத்திருக்கும் கதை இல்லை, மின் ஹீட்டர் சீக்கிரமே சூடான காற்றைத் தந்துவிடும்.

சுத்தமாகவே தெரியவில்லை என்றால் ஓட்டிக்கொண்டே சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு, அருகிலுள்ள வெளியேறும் வழியில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்க்கிலோ பார்க்கிங்கிலோ நின்று தெளிய வைத்துக் கிளம்புங்கள். ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 74, ஓட்டுநருக்கு முன்னும் பக்கவாட்டிலும் தெளிவான பார்வை இருக்க வேண்டும் என்கிறது. ஸ்டீயரிங்குக்கு நேரே ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிக்கொண்டு கிளம்பினாலும் போலீஸ் நிறுத்தலாம்.

கையால் துடைக்காதீர்கள். உள்ளங்கை எண்ணெய் கண்ணாடியில் இழுபடும். அந்த நேரத்துக்குத் தெளிந்த மாதிரி இருக்கும், இரவில் எதிரே வரும் விளக்கு வெளிச்சம் பட்டதும் அந்தக் கோடுகள் அத்தனையும் மின்னும். கதவுப் பையில் ஒரு மைக்ரோஃபைபர் துணி கிடக்கட்டும்.

இங்கே எல்லோருக்கும் வரும் சந்தேகம்: வெளியே பனி கொட்டுகிறது, அந்தக் காற்றை உள்ளே விட்டால் ஈரம் அதிகமாகாதா? ஆகாது. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவி வரை தாங்கும், 0 டிகிரியில் 5 கிராம் கூட இல்லை, மைனஸ் 15-இல் ஒன்றரை கிராம் அளவுதான். வெளியே எவ்வளவு பனி பெய்தாலும் அந்தக் காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் அது வறண்ட காற்று. கண்ணாடியிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். உள்காற்றையே சுற்றவிட்டால், நாலு பேர் விடும் மூச்சு அத்தனையும் அங்கேயே நின்று, காரிலேயே குளிர்ச்சியான இடமான கண்ணாடியில் போய் உட்காரும்.

அதனால்தான் மைனஸ் 20-ஐ விட 2 டிகிரியில் மழை தூறும் நாள் மோசம். நவம்பரும் மார்ச்சும்தான் உண்மையான சோதனை. அப்போது வெளிக்காற்றிலும் ஈரம் இருக்கும், ஏசியின் உதவி தேவைப்படும். கடும் குளிரில் பல கார்களில் ஏசி விளக்கு எரிந்தாலும் கம்ப்ரெஸர் ஈரம் எடுக்கும் வேலையைச் செய்யாது, சுருள் உறைந்துவிடும் என்பதால். அது கோளாறு இல்லை. அந்தக் குளிரில் வெளிக்காற்றே போதும்.

ஒரு சிக்கலை மட்டும் கவனிக்க வேண்டும். கண்ணாடி தெளிந்ததும் டிஃப்ராஸ்ட்டை அணைப்பீர்கள். சில கார்கள் உடனே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும், அதாவது எக்கோவும் ரீசர்குலேஷனும். ஐந்து நிமிடத்தில் மறுபடி மங்கும். அணைத்த கையோடு காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.

4. கிளம்பும் முன்பே காரைச் சூடாக்குவது

சார்ஜரில் செருகியிருக்கும்போதே உள்ளறையைச் சூடாக்கிவிட்டால், அந்த முதல் பெரும் செலவு பேட்டரியிலிருந்து போகாது. ப்ரீகண்டிஷனிங் என்பது இதுதான். செயலியிலோ காரின் திரையிலோ 'கிளம்பும் நேரம்' என்று ஒன்று இருக்கும். அதில் நேரத்தைக் கொடுத்தால் கார் தானே கணக்கிட்டுத் தொடங்கிவிடும். மூடிய கராஜுக்குள்ளும் தைரியமாகச் செய்யலாம், புகை கிடையாது. பெட்ரோல் காரை இப்படிக் கராஜுக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். வீட்டில் இரண்டு வகைக் காரும் இருந்தால் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் காசு இருக்கிறது. ஒன்டாரியோவில் நேரவாரிக் கட்டணத்தில் இருந்தால், நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாரநாட்களில் காலை 7 முதல் 11 வரை உச்சக் கட்டணம். மாலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை குறைந்த கட்டணம். உச்சக் கட்டணம் இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2023-இல் வந்த மிகக் குறைந்த இரவுக் கட்டணத் திட்டத்துக்கு மாறியிருந்தால் இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட்டுக்கு (கிலோவாட்-மணிக்கு) 4 சென்ட்டுக்கும் கீழே, விநியோகக் கட்டணம் தனி. ஆனால் அதில் வாரநாள் மாலை 4 முதல் 9 வரை விலை மிகவும் அதிகம். அலுவலகத்திலிருந்து வந்ததும் செருகிச் சார்ஜ் ஏற்றும் பழக்கம் இருந்தால் யோசித்து மாறுங்கள். கட்டணங்கள் ஆண்டுதோறும் நவம்பர் 1-இல் மாறும். 7.15-க்குக் கிளம்புகிறவர்கள் கிளம்பும் நேரத்தை 6.55 என்று கொடுத்துவிட்டால் சூடாக்குவது முழுக்க மலிவு நேரத்தில் முடியும், இருபது நிமிடத்தில் பெரிதாகக் குளிர்ந்துவிடாது.

எந்தச் சாக்கெட்டில் செருகியிருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சாதாரண 120 வோல்ட் சுவர்ச் சாக்கெட் 1.4 கிலோவாட் அளவுதான் தரும். ஹீட்டர் முழு வேகத்தில் 4, 5 கிலோவாட் கேட்கும். மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்கும். செருகித்தானே இருந்தது, ஏன் 2 சதவீதம் குறைந்தது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். 240 வோல்ட் சார்ஜர் என்றால் 7 கிலோவாட் வரை கிடைக்கும், பேட்டரியைத் தொடாது.

அடுக்குமாடியில் இருக்கிறீர்கள், செருக இடமே இல்லை என்றாலும் பத்து நிமிடம் பேட்டரியிலேயே சூடாக்குங்கள். 5 கிலோவாட்டில் பத்து நிமிடம் என்றால் ஒரு யூனிட்டும் ஆகாது. 60 யூனிட் பேட்டரியில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. சார்ஜ் ரொம்பக் குறைவாக இருந்தால், உதாரணமாக 20 சதவீதத்துக்குக் கீழே, பல கார்கள் இதைச் செய்ய மறுக்கும். குளிர்காலத்தில் அவ்வளவு கீழே போகவிடாதீர்கள். செயலி சந்தாவையும் பாருங்கள். சில நிறுவனங்கள் முதல் சில ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கட்டணம் கேட்கும். ஜனவரியில் அது முடிந்து நிற்பது மகா எரிச்சல். முடியும் தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.

கார் சூடாகிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வெளியே செய்யவேண்டியது: கூரை, பானட், விளக்குகள் மேலிருக்கும் பனியைத் தள்ளுங்கள். அப்புறம், பலரும் தவறவிடும் இடம் ஒன்று: முன் கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் படுத்திருக்கும் பள்ளத்தில் ஒரு கறுப்பு சல்லடை தெரியும். காருக்குள் வெளிக்காற்று போகும் வாசல் அதுதான். அதில் பனி அடைத்திருந்தால் உள்ளே நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. காற்று குறைவாக வரும், வருவதும் உருகிய பனியின் ஈரத்தோடு வரும். பிரஷ்ஷின் முனையால் அந்தப் பள்ளத்தை முழுக்கச் சுத்தம் செய்யுங்கள். வைப்பர் கண்ணாடியோடு உறைந்திருந்தால் இழுக்காதீர்கள், ரப்பர் கிழியும். மழைக்குத் தானே ஓடும் வைப்பர் என்றால் முந்தின இரவே அணைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் அது ஓட முயன்றால் மோட்டாருக்குக் கேடு.

வெந்நீர் மட்டும் ஊற்றவே கூடாது. கண்ணாடி விரியும். மின்சாரக் கார்கள் பலவற்றில் முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது. கண்ணாடி மாற்றினால் கேமராவையும் மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும், அதற்கே தனியாகச் சில நூறு டாலர் போகும். காப்பீட்டில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதங்களுக்கான பிரிவு) எடுத்திருந்தாலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று பாலிசித் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஈரத்தை உள்ளே கொண்டுவராமல் இருப்பது

தினமும் மங்குகிறது என்றால் காருக்குள் எங்கோ தண்ணீர் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கி அடியில் ஒரு பேப்பரை வைத்துக் காலால் அழுத்துங்கள். தபால்பெட்டியில் வரும் விளம்பரத் தாள்கள் இதற்கென்றே இருக்கின்றன. நனைந்து வந்தால் விஷயம் புரிந்துவிடும். துணி விரிப்பை எடுத்துவிட்டு, ஓரம் உயர்ந்த ரப்பர் விரிப்பு போடுங்கள். பூட்ஸில் ஒட்டிவரும் பனி அந்தத் தட்டில் உருகி நிற்கும். வாரம் ஒன்றிரண்டு முறை தூக்கிக் கொட்ட வேண்டும். கொட்டாமல் விட்டால் ரப்பர் விரிப்பும் ஒரு சின்னக் குளம்தான், அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருக்கும். உட்காரும்போது இரண்டு காலையும் வெளியே வைத்து, பூட்ஸை ஒன்றோடொன்று தட்டிவிட்டு உள்ளே இழுங்கள். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் செய்வது இது.

நனைந்த குடை, பனி படிந்த ஜாக்கெட், குழந்தைகளின் கையுறைகள் டிக்கியில் போகட்டும். சுடச்சுட பிரியாணிப் பார்சலைப் பின்சீட்டில் வைத்து எடுத்துவருகிறோம் பாருங்கள், ஐந்தே நிமிடத்தில் பின் கண்ணாடி மறைந்துவிடும். அதற்குப் பரிகாரம் இல்லை. வெளிக்காற்றைக் கூட்டிவிட்டு மணத்தை அனுபவியுங்கள்.

வீடு வந்ததும், இறங்கும்போது எல்லாக் கதவையும் ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். உள்ளே தேங்கிய சூடான ஈரக்காற்று வெளியேறி வறண்ட குளிர்காற்று நிறையும். மறுநாள் காலையில் உள்பக்கம் உறைபனி இருக்காது. செலவில்லாத வழிகளில் இதற்கு நிகர் வேறில்லை. மழை நாளில் மட்டும் வேண்டாம்.

விரிப்பு காய்ந்தே இருக்கிறது, ஆனாலும் தினமும் மங்குகிறது என்றால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, கேபின் ஏர் ஃபில்டர், காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது. பெரும்பாலும் டாஷ்போர்டிலுள்ள க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், மாற்ற ஸ்க்ரூடிரைவர் கூடத் தேவைப்படாத கார்கள் உண்டு. அடைத்திருந்தால் கண்ணாடிக்குப் போகும் காற்று பாதியாகும். இன்னொன்று, டிக்கியில் உதிரிச் சக்கரம் இருக்க வேண்டிய பள்ளம். ரப்பர் சீல் வழியே தண்ணீர் இறங்கி அங்கே தேங்கும். மூடியைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

6. உள்கண்ணாடியை ஒழுங்காகத் துடைப்பது

புதுக் காரின் பிளாஸ்டிக்கிலிருந்து வெளிவரும் ஆவியும் டாஷ்போர்டில் பூசும் பாலிஷும் சேர்ந்து கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் படலமாகும். அழுக்குக் கண்ணாடியில் நீர்த்துளிகள் எளிதாக ஒட்டும். அதனால் சுத்தமான கண்ணாடியைவிடச் சீக்கிரம் மங்கும், தெளியவும் நேரமெடுக்கும்.

அக்டோபரில் ஒரு வெயில்நாள் பார்த்துச் செய்துவிடுங்கள். இரண்டு மைக்ரோஃபைபர் துணி வேண்டும். ஒன்றில் கண்ணாடி கிளீனரையோ மருந்துக்கடை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ நனைத்துத் துடையுங்கள், மற்றதால் உடனே காயத் துடையுங்கள். ஒருமுறை செய்தால் படலம் இழுபடும், இரண்டாம் முறைதான் போகும். டாஷ்போர்டை ஒட்டிய அடி ஓரத்துக்குக் கை எட்டாது. புறங்கையைக் கண்ணாடிப் பக்கம் வைத்து விரல்நுனியில் துணியைப் பிடித்தால் எட்டும். ஜன்னலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா இல்லாத கிளீனராகப் பார்த்து வாங்குங்கள். நேராகத் திரையின் மேல் தெளித்துவிடாதீர்கள்.

சவர நுரையைத் தேய்த்தால் மங்காது என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. சில நாள் வேலை செய்யும்தான். ஆனால் அது விட்டுப்போகும் படலம் இரவில் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

7. என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

வாஷர் ஃப்ளூயிட், மைனஸ் 40 என்று போட்டது, 3.78 லிட்டர் கேன், 5 டாலர் சுமார். கோடைக்குப் போடும் திரவம் மிச்சமிருந்தால் தீர்த்துவிட்டு இதை ஊற்றுங்கள், உறைந்தால் குழாயும் பம்பும் போகும். தண்ணீர் கலக்காதீர்கள். பிரஷ்ஷோடு சேர்ந்த ஸ்கிரேப்பர் 15 முதல் 25 டாலர். கேபின் ஃபில்டரை நீங்களே வாங்கிப் போட்டால் 20 முதல் 40 டாலர், சர்வீஸ் சென்டரில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். உங்கள் காருக்கென்றே வார்த்த ரப்பர் விரிப்பு 100 டாலரைத் தாண்டும், வெட்டிப் போடும் பொதுவான விரிப்பு அதில் பாதிக்குள் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேல் 13 சதவீதம் விற்பனை வரி உண்டு. முதல் பனிப்புயல் எச்சரிக்கை வந்த மாலையில் போனால் ஸ்கிரேப்பர் அலமாரி காலியாக இருக்கும். அக்டோபரிலேயே வாங்குங்கள்.

8. ரேஞ்சு எவ்வளவு குறையும்

குளிர்ந்த காரைச் சூடாக்கும் முதல் பத்து நிமிடத்தில் ஹீட்டர் 4 முதல் 6 கிலோவாட் வரை இழுக்கும். சூடான பிறகு அந்தச் சூட்டைத் தக்கவைக்க 1 முதல் 2 கிலோவாட் போதும், கடுங்குளிரில் கொஞ்சம் கூடும். அரைமணி நேரப் பயணத்தில் 2 கிலோவாட் என்று வைத்தால் ஒரு யூனிட். ஐந்தாறு கிலோமீட்டர் ரேஞ்சு. இதற்காகக் கண்ணாடியை மங்கவிட்டு ஓட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மிச்சப்படுத்த நல்ல வழி இருக்கிறது. சீட் ஹீட்டருக்கு நூறு வாட் அளவே போதும். சீட்டையும் ஸ்டீயரிங்கையும் சூடாக்கிக்கொண்டு உள்ளறையை 18, 19 டிகிரியில் வைத்து, வெளிக்காற்றைத் திறந்தே விட்டு ஓட்டுங்கள். மங்கத் தொடங்கினால் இரண்டு நிமிடம் டிஃப்ராஸ்ட்.

பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஹீட் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிக்காற்றிலிருந்தே வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளும் அமைப்பு இது, சுருள் ஹீட்டரைவிடக் குறைந்த மின்சாரத்தில் வேலை முடியும். டெஸ்லா மாடல் 3-க்கு 2021 மாடலிலிருந்து வந்தது, அதற்கு முந்தையவற்றில் கிடையாது. செவ்ரலே போல்ட்டின் பழைய தலைமுறையில் கிடையாது. ஒரே மாடலில் சில வகைகளுக்கு மட்டும் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு, விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் வகையின் பெயரை வைத்துச் சரிபாருங்கள். ஹீட் பம்ப் கார் சார்ஜில் நிற்கும்போது முன்பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புகை போல எழுந்தால் பயப்படாதீர்கள். வெளிச்சுருளில் படிந்த உறைபனியை அது உருக்கித் தள்ளுகிறது, அது நீராவி.

9. இத்தனையும் செய்தும் தெளியவில்லை என்றால்

டிஃப்ராஸ்ட் முழு வேகத்தில் ஓடியும் பத்து நிமிடத்தில் கண்ணாடிக்குச் சூடான காற்று வரவில்லை என்றால் ஹீட்டர், ஹீட் பம்ப், காற்றைத் திருப்பும் மடல், இவற்றில் ஒன்றில் கோளாறு. கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்து உள்ளே இனிப்பு வாடை அடித்தால், கூலண்டைச் (வெப்பத்தைக் கடத்தும் திரவத்தை) சூடாக்கும் வகைக் கார்களில் கூலண்ட் கசிவாக இருக்கலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாரண்டியைப் பாருங்கள். ஹீட்டர் பொதுவாகப் பேட்டரிக்கான 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் வாரண்டியில் வராது, அடிப்படை வாரண்டியில்தான் வரும். கனடாவில் அது டெஸ்லாவுக்கு 4 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர், ஹூண்டாய்க்கு 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர், ஜிஎம் கார்களுக்கு 3 ஆண்டு அல்லது 60,000 கிலோமீட்டர். எது முதலில் வருகிறதோ அத்தோடு முடியும். பழைய காராக வாங்கியிருந்தால் எண்ணத் தொடங்குவது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, முதல் உரிமையாளர் எடுத்த நாளிலிருந்து.

எடுத்துப்போக வேண்டியவை: வாகனப் பதிவுத் தாள், வாரண்டிக் கையேடு, முந்தைய சர்வீஸ் ரசீதுகள், ஃபில்டர் மாற்றிய ரசீது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு வீடியோ. வெளி வெப்பநிலை, உள்ளே வைத்த வெப்பநிலை, டிஃப்ராஸ்ட் எரிவது, மங்கிய கண்ணாடி, இவை நான்கும் ஒரே ஓட்டத்தில் தெரியும்படி, நேரம் ஓடும்படி எடுங்கள். ஏன் என்றால், காரை வெதுவெதுப்பான சர்வீஸ் கூடத்துக்குள் ஓட்டிப்போய் வைப்பார்கள். அங்கே கண்ணாடி எப்படி மங்கும்? 'கோளாறு எதுவும் காணவில்லை' என்று எழுதித் திருப்பித் தந்துவிடுவார்கள். எனக்கும் முதல்முறை அப்படித்தான் வந்தது. முந்தின மாலையே காரை விட்டுவிட்டு, இரவு முழுக்க வெளியே நிறுத்தி, காலையில் குளிர்ந்த நிலையிலேயே சோதிக்கும்படி ஆர்டர் தாளில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறுநாள் ஷிஃப்டில் இருப்பவருக்குப் போய்ச்சேராது.

சோதனைக் கட்டணம் எவ்வளவு, வாரண்டியில் வந்தால் அது தள்ளுபடியாகுமா என்று சாவியைக் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் எல்லா இடத்திலும் கூட்டம், குளிர்கால டயர் மாற்றுகிறவர்களும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். முதல் அறிகுறி தெரிந்த வாரமே நேரம் வாங்குங்கள். ஒன்றும் கண்டுபிடிக்காமல் திருப்பித் தந்தாலும் தேதியும் கிலோமீட்டரும் போட்ட தாளை வாங்காமல் வராதீர்கள். வாரண்டி முடிந்தபின் அதே கோளாறு வந்தால், முன்பே புகார் செய்திருக்கிறேன் என்று காட்ட உங்களிடம் இருக்கும் தாள் அது ஒன்றுதான்.